சுல்தானாவின் கனவில் சட்டமும் விண்ணப்பமும்

சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் அவர்களை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்னும் ஆங்கில இதழில் 1905ஆம் ஆண்டு 'சுல்தானாவின் கனவு' என்ற சிறுகதை இடம்பெற்றது. எழுதியவர் 25 வயது வங்காள முஸ்லிம் பெண்மணி ருகையா சகாவத் ஹுஸைன். வங்காளிகள் அவரை ரொக்கேயா என்பர்; அரபி மூலத்தையொட்டி நாம் ருகையா என்றே அழைப்போம். பெண்கள் ஆளும் ஒரு நாடு. அங்கே ஆண்கள் கோஷாவில் இருக்கிறார்கள். கதையை ஒரு வரியில் இப்படிச் சொல்லிவிடுவது வழக்கம். பெண்ணுரிமை பேசுவோர் இதனை முன்னோடி அறிவியல் புனைகதை என்று கொண்டாடுகின்றனர். நம்மவரில் சிலர் பர்தாவை எள்ளும் நூல் என்று ஒதுக்குகின்றனர். இரு சாராரும் அந்தத் தலைகீழ் மாற்றத்தைக் கடந்து உள்ளே செல்வதில்லை. அந்த நாட்டுக்கென்று ஓர் அரசமைப்பும் திருமணச் சட்டமும் தண்டனை முறையும் அகதிகள் பற்றிய கொள்கையும் உண்டு. அவற்றை ஒரு சட்டப் புத்தகமாக எடுத்துப் படித்தால் கதை வேறு முகம் காட்டுகிறது.

அரசமைப்பிலிருந்து தொடங்குவோம். அரசி பட்டத்துக்கு வந்தபோது வயது பதின்மூன்று. அவர் பெயரளவில்தான் அரசி. ஆட்சி நடத்தியவர் பிரதம அமைச்சர். பிரிட்டிஷ் முடியாட்சியின் சாயல் இதில் வெளிப்படை. எனினும் நாட்டின் பெருமாற்றங்கள் எதுவும் அமைச்சரிடமிருந்து பிறப்பதில்லை. அறிவியலில் நாட்டம் கொண்ட அரசி, பெண்கள் அனைவரும் கல்வி பெறவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விடுகிறார். அரசுச் செலவில் பள்ளிகள் எழுகின்றன. அதன் பின்னர்தான் இளவயதுத் திருமணம் நிறுத்தப்படுகிறது. இருபத்தொரு வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் மணமில்லை என்றாகிறது.

இந்த வரிசை கவனத்திற்குரியது. கதை எழுதப்பட்ட காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் நடப்பிலிருந்தது 1891ஆம் ஆண்டின் இசைவு வயதுச் சட்டம். அது குறித்த வயது பன்னிரண்டு. 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கியது. 1978இல் அது பதினெட்டாயிற்று. ருகையா எழுதிய அதே இருபத்தொன்றை முன்மொழிந்து 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதா, 2024இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாகிவிட்டது. அந்த மசோதாவைப் பற்றி நம் மேடைகளில் எழுந்த வாதங்கள் பெரும்பாலும் வயது என்னும் எண்ணையே சுற்றி வந்தன. ருகையாவின் நாட்டிலோ பள்ளிக்கூடம் முந்திக்கொள்கிறது, எண் பின்னால் வருகிறது. படிப்பதற்கு இடமில்லாத ஊரில் மணவயதை மட்டும் உயர்த்தினால் அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பெண் என்ன செய்வாள் என்ற கேள்விக்கு இந்தச் சிறுகதையில் விடை இருக்கிறது.

அடுத்தது மஹ்ரம் பற்றிய விதி. ஃபிக்ஹு படித்தவர்களுக்குக் கதையின் மிகச் சுவையான பகுதி இதுவே. பெண்ணாட்டிலும் அந்நிய ஆடவரைப் பார்ப்பது கூடாது. இதைப் பலர் கவனிப்பதில்லை! கட்டுப்பாடு அங்கும் அப்படியே நிற்கிறது. வட்டம் மட்டும் விரிகிறது. எங்கள் நாட்டில் மஹ்ரம் வட்டம் மிகக் குறுகியது, சிறிய தந்தையின் மகன்கூட அதில் சேரமாட்டான் என்கிறாள் சுல்தானா. எங்கள் நாட்டில் தூரத்து உறவினனும் உடன்பிறந்தவனைப் போலத்தான் என்று விடை வருகிறது.

ஷரீஅத்தின்படி இதை ஏற்க வழியில்லை. மஹ்ரம் யார் யார் என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 23ஆம் வசனம் வரையறுத்துவிட்டது. அதில் இல்லாதவரைச் சேர்க்கும் அதிகாரம் எந்த அரசிக்கும் கிடையாது. சேர்த்தால் ஹலாலான திருமணம் ஹராமாகிவிடும்; மாமன் மகளையும் மாமி மகளையும் உரிமையோடு பெண் கேட்கும் நம் ஊர்களில் பாதிக் கல்யாணங்கள் நின்றுபோகும். ஆயினும் ருகையாவின் நோக்கம் ஃபத்வா வழங்குவதன்று. பெண்ணின் நடமாட்டத்தை விரிவாக்கத் திரையைக் கிழிப்பது ஒரு வழி. நம்பத்தக்கோரின் வட்டத்தைப் பெருக்குவது இன்னொரு வழி. அவர் இரண்டாவதையே தேர்ந்திருக்கிறார். புர்கா அணிந்தவர் அவர். 'மோதிசூர்' தொகுப்பில் அதற்கு ஆதரவாக ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறார். அவருடைய பகை ஆடையோடு அன்று, அடைத்துவைப்பதோடு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பியவர்கள் அவரைப் புகழ்ந்தோரிலும் இருக்கிறார்கள், இகழ்ந்தோரிலும் இருக்கிறார்கள்.

நீதித்துறைக்கு வருவோம். அங்கே காவலரும் இல்லை, குற்றவியல் நடுவரும் இல்லை. ஆண்கள் மர்தானாவுக்குள் சென்றபின் குற்றமே நிகழ்வதில்லையாம். அன்பும் உண்மையுமே அவர்களது மார்க்கம். மரண தண்டனை கிடையாது. பொய் சொன்னவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். மனப்பூர்வமாகத் தவ்பா செய்தால் மன்னிப்பு உண்டு.

இதனைப் படிக்கும்போது அந்தலூசிய மெய்யியலாளர் இப்னு பாஜ்ஜாவின் 'தத்பீருல் முதவஹ்ஹித்' நினைவுக்கு வராமற் போகாது. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த அவர், முழுமையான நகரத்தின் அடையாளமாக மருத்துவரும் நீதிபதியும் அங்கே தேவைப்படாமையைக் குறிப்பிட்டார். மக்களை அன்பு பிணைத்திருப்பதால் பிணக்கில்லை. பிணக்கில்லாததால் காழி இல்லை. ருகையா இதைப் படித்துவிட்டு எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு துலங்கும் என்பதற்காகச் சொல்கிறேன். இப்னு பாஜ்ஜாவின் நகரில் காழி தேவைப்படாததற்குக் காரணம் அன்பு. பெண்ணாட்டில் தேவைப்படாததற்குக் காரணம் பூட்டு. மக்களில் ஒரு பாதியை அடைத்துவிட்டு மறுபாதியின் அமைதியை அன்பின் விளைவு என்று அந்த நாடு சொல்லிக்கொள்கிறது. தவ்பா விஷயத்திலும் ஓர் இடைவெளி உள்ளது. நாடு கடத்தப்பட்டவரின் தவ்பா உண்மையானதுதான் என்று நீதிபதியே இல்லாத நாட்டில் தீர்மானிப்பவர் யார்? அல்லாஹ் ஒருவனே அறியும் உள்ளத்து நிலையை அங்கே அரசிதான் அளக்கவேண்டும்.

கதையில் குறும்பும் குறைவில்லை. ஆண்கள் அலுவலகத்தில் ஏழு மணி நேரம் செய்த வேலையைப் பெண்கள் இரண்டே மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். ஒருவன் நாளொன்றுக்குப் பன்னிரண்டு சுருட்டுப் பிடிக்கிறான், சுருட்டொன்றுக்கு அரை மணி, ஆக ஆறு மணி நேரம் புகையாகப் போகிறது என்று கணக்கும் காட்டப்படுகிறது. அரசு அலுவலகங்களில் காத்திருந்து பழகியவர்கள் இந்தக் கணக்கில் பிழை காணமாட்டார்கள்.

பெண்ணாட்டுச் சட்டங்களில் ஆக உயர்ந்ததாக நான் கருதுவது அகதிகள் பற்றியது. அண்டை நாட்டில் அரசியல் குற்றத்துக்கு ஆளான சிலர் அங்கே தஞ்சம் புகுகின்றனர். அந்நாட்டு மன்னன் அவர்களை ஒப்படைக்கக் கேட்கிறான். அடைக்கலம் வந்தோரை வெளியேற்றுவது தன் கொள்கைக்கு முரண் என்று அரசி மறுக்கிறார். போர் மூள்கிறது. பாதுகாவல் தேடி வருபவர் இணைவைப்பவராயினும் அபயம் அளித்து, அவருக்கு அச்சமற்ற இடத்தில் சேர்க்கவேண்டும் என்ற அத்தவ்பா 6ஆம் வசனத்தை ஓதியிருப்போர்க்கு இந்த மறுப்பின் எடை விளங்கும். மற்றச் சட்டங்களால் அந்த நாட்டுக்கு நன்மையே விளைகிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் அது இரத்தத்தை விலையாகக் கொடுக்கிறது.

அந்தப் போரில்தான் ஆண்களின் படை தோற்கிறது. அரசி அறிவார்ந்த பெண்களை அரண்மனைக்கு அழைத்து மஷ்வரா செய்கிறார். பல்கலைக்கழகத் தலைவி ஒருவர் இரண்டாயிரம் மாணவியருடன் சென்று சூரிய வெப்பத்தைக் குவித்துப் பகைவரை விரட்டுகிறார். அவர்கள் புறப்படுமுன் ஆண்கள் எல்லாரும் ஜனானாவுக்குள் செல்லுமாறு ஆணை பிறக்கிறது. காயமும் களைப்புமாக இருந்தவர்கள் அதனை ஓய்வாக எண்ணி ஏற்கிறார்கள். நெருக்கடிக்காலத்து ஆணை நிலையான சட்டமாகிவிடுகிறது. பிரதம அமைச்சர் என்றொருவர் இருந்ததையே கதை அத்துடன் மறந்துவிடுகிறது. சட்டத்துக்கு உட்பட்டிருந்த முடியாட்சி இவ்வாறு ஓசையின்றித் தனியாட்சியாகிறது.

சில மாவட்ட நீதிபதிகளும் காவல்துறை ஆணையர்களும் அரசிக்கு விண்ணப்பம் அனுப்புகின்றனர். தோற்றது படைத்தலைவர்கள், நாங்கள் கடமையில் தவறவில்லை, பதவியைத் திருப்பித் தாருங்கள் என்பது அதன் சாரம். நியாயமான வாதம், எந்தக் காழியும் செவிசாய்த்திருப்பார். தேவைப்பட்டால் அழைப்போம், அதுவரை இருக்குமிடத்தில் இருங்கள் என்று சுற்றறிக்கை மூலம் பதில் வருகிறது. ருகையாவின் கணவர் சகாவத் ஹுஸைன் பாகல்பூரில் துணை நீதிபதி என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். கதையைப் படித்துவிட்டு இது கொடிய பழிவாங்கல் என்று அவர் வியந்ததாக ருகையாவே குறித்திருக்கிறார். வியந்தவர் கோபிக்கவில்லை, அவர் ஊக்கம் தொடர்ந்தது. 1908இல் கதை நூலாகவும் வந்தது. ஆனால் அவர் கண்டதைப் போல இதைப் பழிவாங்கல் என்று மட்டும் எடுத்துக்கொள்வது போதாது. வாதம் சரியாயிருந்தும் கேட்கப்படாத அந்த விண்ணப்பம் பெண்களுடையது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் பெற்றுவந்த பதிலை ஆண்களின் முகவரிக்கு ஒருமுறை அனுப்பிப் பார்த்திருக்கிறார் ருகையா. ஆகவே பெண்ணாட்டை அவர் விரும்பிய இலட்சிய அரசு என்று கொள்வது பிழை. அதன் பள்ளிகளையும் தஞ்சக் கொள்கையையும் அவர் விரும்பினார். அந்தச் சுற்றறிக்கையை நாம் படித்துக் கூசவேண்டும் என்பதற்காக எழுதினார்.

கணவர் 1909இல் மறைந்தபின் அவர் பெயரால் நிறுவிய பெண்கள் பள்ளியை ருகையா 1911இல் கல்கத்தாவுக்கு மாற்றினார். அங்கே தொடங்கும்போது மாணவியர் எட்டுப் பேர். கோஷாவின் கொடுமைகள் பற்றிய 47 நிகழ்ச்சிகளைத் தொகுத்து 1931இல் அவர் வெளியிட்ட 'அபரோத்பாசினி'யின் கடைசி நிகழ்ச்சி அந்தப் பள்ளியின் வண்டியைப் பற்றியது. காற்றுப் புகாதபடி அடைக்கப்பட்ட வண்டியில் சிறுமியர் மயங்கினர், வாந்தியெடுத்தனர். அடைப்பை நீக்கித் திரை தொங்கவிட்டார்கள். காற்றில் திரை அசைந்தது. பர்தா குலைகிறது என்று கண்டித்தும் உருது இதழ்களில் எழுதுவோம் என்று மிரட்டியும் கடிதங்கள் வந்தன. அவற்றுள் ஒன்றின் கீழே கையொப்பமாக இருந்தது, 'இஸ்லாமியச் சகோதரர்கள்'.