ஆம்பூர் சாலைக்கு எந்த ஸ்பேர் டியூப்?

ரோடு பைக்குக்கு ஸ்பேர் டியூப் வாங்கப் போனால் பேச்சு எடையில்தான் தொடங்குகிறது. வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தேசிய நெடுஞ்சாலை 48-இல் ஓட்டுகிறவர் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த டியூப் பஞ்சரானால் வழியில் உள்ள கடையில் ஒட்ட முடியுமா? லாரிகள் ஓயாத சாலையில், வெடித்த டயர்களிலிருந்து உதிரும் மெல்லிய இரும்புக் கம்பிதான் பெரிய எதிரி. பாலாற்றுப் பக்கம் சீமைக்கருவேல முள்ளும் சேர்ந்துகொள்கிறது. டயருக்குள் ஒளிந்திருக்கும் கம்பித் துணுக்கை விரலால் தடவி எடுக்காவிட்டால், புதிதாகப் போட்ட டியூபையும் அது சில நிமிடத்தில் குத்திவிடும். ஒரு பயணத்தில் இரண்டு பஞ்சர் என்பது நடக்கக்கூடியதே. எனவே திரும்பத் திரும்ப ஒட்டிப் பயன்படுத்த முடிகிற சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூபே இந்தச் சாலைக்கு ஏற்றது.

அதிலும் அளவும் வால்வும் பொருந்த வேண்டும். ரோடு பைக் டயரின் பக்கவாட்டில் 25-622, 28-622 என்று அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம். 622 என்பது டயர் ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டர் கணக்கு. டியூப் பெட்டியில் இருக்கும் அகல வரம்புக்குள் உங்கள் டயர் வர வேண்டும். டியூப் சிறிதானால் இழுபட்டு மெலிந்து காற்றைச் சீக்கிரம் இழக்கும். பெரிதானால் உள்ளே மடிந்து, மடிப்பிலேயே கிழியும். ஊர்க் கடையில் உடனே கிடைப்பது பழைய பெரிய சைக்கிளுக்கான 28×1½ டியூப். விலை குறைவுதான். ஆனால் அது 635 விட்டத்துக்கு உரியது. வால்டியூப் மாட்டும் அதன் தடித்த வால்வு, ரோடு ரிம்மின் சுமார் 6.5 மில்லிமீட்டர் ஓட்டையில் நுழையாது. அதற்காக ரிம்மைத் துளைத்துப் பெரிதாக்குவது ரிம்மையே பலவீனமாக்கும். தேவை மெல்லிய பிரெஸ்டா வால்வு. ரிம்மின் ஆழத்தைவிட வால்வு 15 மில்லிமீட்டராவது நீளமாக இருந்தால்தான் பம்பின் வாய் பிடிக்கும். 30 மில்லிமீட்டர் ஆழ ரிம்முக்கு 48 நீளம் சரி. பெட்ரோல் பங்க்கின் காற்றுக் குழாய் கார் வால்வுக்கானது. அதில் பிரெஸ்டாவைப் பொருத்த, விரல் நுனி அளவுப் பித்தளை அடாப்டர் ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இலகுவான டிபியு (TPU) பிளாஸ்டிக் டியூப் இருக்கும்போது பியூட்டைல் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பியூட்டைல் சுமார் 100 கிராம்; டிபியு 40 கிராமுக்கும் குறைவு, மடித்தால் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கும். ஆனால் பஞ்சர் கடைச் சொல்யூஷன் அந்த பிளாஸ்டிக்கில் பிடிக்காது. அதற்கென்று தனி ஒட்டு வேண்டும். பியூட்டைலை ஒட்டும் வேலையை ஆம்பூரின் ஷூ தொழிலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சோல் ஒட்டுவதுபோல்தான்: பரப்பை உரசி, பசை தடவி, காயவிட்டு, அழுத்த வேண்டும். இந்த நான்கும் தெரிந்த கை எந்தப் பஞ்சர் கடையிலும் உண்டு. வெப்பமும் கணக்கில் வர வேண்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ரிம் பிரேக்கைப் பிடித்தபடி இறங்கினால் ரிம் கொதிக்கும்; மெல்லிய டிபியு அந்தச் சூட்டைத் தாங்காமல் போகலாம். டூபோலிட்டோ நிறுவனம் தன் மிக மெல்லிய டிபியு டியூபான எஸ்-டூபோ ரோடை, டிஸ்க் பிரேக் வண்டிக்கு மட்டும் என்றே குறிப்பிடுகிறது. லேட்டக்ஸ் டியூப் சுகமாக ஓடும்; ஆனால் ஒரே இரவில் காற்று இறங்கும், ஸ்பேருக்கு ஒத்துவராது. டியூப்லெஸ் போட்டால் தொல்லையே இல்லை என்பதும் பாதி உண்மைதான். சிறு ஓட்டைகளைச் சீலன்ட் அடைத்துவிடும். ஆனால் வேலூர் வெயிலில் அது சீக்கிரம் உலரும். டயர் பெரிதாகக் கிழிந்தால் உள்ளே போடக் கடைசியில் ஒரு டியூப்தான் வேண்டும்.

ஆகவே தீர்ப்பு இது. டயர் அளவுக்குப் பொருந்திய பிரெஸ்டா பியூட்டைல் டியூப் இரண்டு, ஒட்டுத் துண்டுகளும் சொல்யூஷனும், அடாப்டர் ஒன்று. டிஸ்க் பிரேக் வண்டி வைத்திருப்பவர் இரண்டாவது டியூபை மட்டும் டிபியுவாக வைத்துக்கொள்ளலாம். ஸ்பேனரோடு உரசாமல் டியூபைத் துணியில் சுற்றி வையுங்கள். புறப்படும் முன் அதன் வால்வு உங்கள் ரிம்மைத் தாண்டி வெளியே வருகிறதா என்று ஒருமுறை வைத்துப் பாருங்கள்.