நரிக்கு வரைந்த பல்: ‘ஸூட்டோபியா’ குறித்துச் சில எண்ணங்கள்

பள்ளிக்கூட லீவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘ஸூட்டோபியா’வை மறுபடியும் பார்த்தேன். 2016இல் டிஸ்னி வெளியிட்ட அனிமேஷன் படம். பைரன் ஹொவர்டும் ரிச் மூரும் இயக்கியது. அடுத்த ஆண்டு ஒஸ்கார் விருதும் கிடைத்தது. படம் முடிந்ததும் இளைய மகள் கேட்டாள்: “உம்மா, சிங்கம் நரியெல்லாம் முந்தி முயலத் தின்டதுதானே? அப்ப முயல் பயந்தா அதில என்ன பிழை?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. இன வெறுப்பு கூடாது என்று சொல்வதற்காகவே எடுக்கப்பட்ட படம் அது. அதைப் பார்த்துவிட்டு எட்டு வயசுப் பிள்ளை இப்படிக் கேட்கிறாள் என்றால் பிழை பிள்ளையிலா, படத்திலா?

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா மிருகங்களும் நாகரிகமடைந்து ஒன்றாக வாழும் ஒரு பெருநகரம். அங்கே முதல் முயல் பொலிஸாக வருகிறாள் ஜூடி. ஏமாற்றிப் பிழைக்கும் நிக் என்ற நரியோடு சேர்ந்து, காணாமற்போன 14 மிருகங்களைத் தேடுகிறாள். கண்டுபிடிக்கும்போது அத்தனையும் வெறிபிடித்துக் கூண்டில் கிடக்கின்றன. அத்தனையும் இரைகௌவிகள். (எங்கள் விஞ்ஞானப் புத்தகத்துச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.)

படத்தின் உச்சம் இதற்குப் பின்னால் வரும் பத்திரிகையாளர் மாநாடு. ஏன் இரைகௌவிகளுக்கு மட்டும் வெறி பிடிக்கிறது என்று கேட்கிறார்கள். மேடைப் பழக்கமில்லாத ஜூடி, அது அவற்றின் உடலமைப்போடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், பழைய காட்டுக் குணத்துக்குத் திரும்புகின்றன போலும் என்கிறாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ‘விஞ்ஞானபூர்வமாக’ப் பேசுகிறோம் என்றுதான் நினைக்கிறாள். கீழே நின்று கேட்ட நிக் அவளிடம் வருகிறான். என்னைக் கண்டாலும் உனக்குப் பயமா என்று கேட்டு, பாய்வதுபோல நகத்தைக் காட்டுகிறான். அவள் கை தன்னையறியாமல் இடுப்புப் பட்டியில் இருக்கும் நரிவிரட்டி ஸ்பிரேக்குப் போகிறது. ஊரிலிருந்து கிளம்பும்போது தாய் தகப்பன் கொடுத்தனுப்பிய ஸ்பிரே அது. வேண்டாவெறுப்பாக வாங்கினாள், ஆனால் முதல் நாளே பட்டியில் கொளுவிக்கொண்டாள்.

அந்தக் கை அசைவு ஒரு விநாடிதான். முழுப்படத்தையும் அதற்காகவே எடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வெறுப்பு வில்லனிடம் மட்டும் இருப்பதில்லை, நல்ல பிள்ளையின் கையிலும் இருக்கிறது என்பதை வசனமே இல்லாமல் காட்டிவிடுகிறார்கள். சின்ன வயதில் சாரணர் இயக்கத்தில் சேரப் போன நிக்குக்கு மற்றப் பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பூட்டு மாட்டிய கதையை ஏற்கனவே பார்த்திருக்கிறோம். அதனால் அந்த ஒரு விநாடியில் அவன் முகம் மாறுவது நமக்கு நன்றாக விளங்குகிறது.

பிறகு நகரம் மாறுகிறது. ரயிலில் பக்கத்தில் புலி வந்து உட்கார்ந்ததும், ஒரு தாய் முயல் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்கிறது. பொலிஸ் நிலைய வரவேற்பு மேசையில் எப்போதும் சிரித்தபடி இருந்த சிறுத்தையை, உள்ளே வருபவர்கள் முதலில் பார்ப்பது அந்த முகமாக இருக்க வேண்டாம் என்று கீழே பதிவேட்டு அறைக்கு மாற்றுகிறார்கள். யாரும் அதை ஏசவில்லை, அடிக்கவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸில் போய்வந்த எமக்கு இந்த இரண்டு காட்சிக்கும் விளக்கவுரை தேவையில்லை.

இவ்வளவு நுணுக்கமான படம் மகளின் கேள்விக்கு மட்டும் ஏன் தடுமாறுகிறது? அவர்கள் எடுத்துக்கொண்ட வடிவம்தான் காரணம் என்பது என் எண்ணம். விலங்குக் கதை மிகப் பழைய வடிவம். அந்த உலகத்தில் மிருகத்தின் குணம் மாறாது. பஞ்சதந்திரத்தில் நீலச் சாயத் தொட்டியில் விழுந்த நரி காட்டுக்கே ராஜாவாகிறது. ஆனால் மற்ற நரிகள் ஊளையிடும் சத்தம் கேட்டதும் தானும் ஊளையிட்டு மாட்டிக்கொள்கிறது. சாயம் போகும், சாதிக் குணம் போகாது என்பதுதான் அந்தக் கதையின் பாடம். பூனையை நம்பிய முயல், காகத்தை நம்பிய ஆந்தை என்று அந்த நூலில் நிறையப் பிறவிப் பகைதான். ‘ஸூட்டோபியா’ பிறவிக் குணம் என்று ஒன்றில்லை என்று சொல்ல வருகிறது. அதைச் சொல்லப் பிறவிக் குணத்தின் மேல் கட்டிய வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. வடிவம் ஒரு பக்கம் இழுக்க, கருத்து மறுபக்கம் இழுக்கிறது.

படத்திடம் ஒரு பதில் இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. வெறிக்குக் காரணம் ஒரு நீலப் பூவின் நஞ்சு. அந்தப் பூவைத் தின்றால் முயலுக்கும் வெறி பிடிக்கும், ஜூடியின் மாமனுக்கே ஒருமுறை பிடித்திருக்கிறது. நல்ல பதில்தான். ஆனால் முதல் காட்சியிலேயே பள்ளி நாடகத்தில், முன்னொரு காலத்தில் நாங்கள் உங்களைத் தின்றோம் என்று படமே ஒப்புக்கொண்டு விடுகிறதே! நாம் எந்தக் காலத்தில் யாரைத் தின்றோம்? 2018 பெப்ரவரியில் அம்பாறைக் கடையொன்றின் கறியில் கிடந்த மாவுக்கட்டியை மலட்டு மாத்திரை என்று சொல்லிப் பள்ளிவாசல் வரை போய் உடைத்தார்கள். அங்கே பல் இருக்கவில்லை. பார்த்தவர்கள்தான் வரைந்தார்கள். மனிதருக்குள் நடக்கும் வெறுப்பு அப்படித்தான் வேலை செய்கிறது. முயல்–நரி உவமையில் அது அகப்படுவதில்லை.

இன்னொன்று. முயல்கள் பெருகும் என்று படம் சிரித்துக்கொண்டே சொல்கிறது. ஊர் எல்லையில் சனத்தொகைப் பலகை, அதில் எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது. ஜூடிக்கு 275 சகோதரர்கள். சின்னவர்களோடு நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது: இதே பகிடியைத்தானே இந்த நாட்டில் எம்மைப் பற்றிச் சொன்னார்கள்? மோட்டார் வாகனத் திணைக்களத்தில் வேலை செய்யும் ஸ்லோத்துகளும் அப்படியே. ஓர் இனத்தை ஒரே குணத்தால் அளக்காதே என்று போதிக்கும் படத்தில் மிகப் பெரிய சிரிப்பு, ஸ்லோத் என்றால் மந்தம் என்பதிலிருந்துதான் வருகிறது. திரைக்கதை எழுதியவர்கள் இதைக் கவனிக்கவில்லையா, கவனித்தும் சிரிப்புக்காக விட்டார்களா தெரியாது.

முடிவும் எனக்குத் திருப்தியில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் பெல்வெதர் என்ற செம்மறியாடு. தொண்ணூறு வீதமானவர்களைப் பத்து வீதத்துக்கு எதிராகத் திரட்டினால் ஆட்சி கையில் என்று கணக்குப் போடுகிறாள். கணக்குச் சரி. 2012 குடிசன மதிப்பீட்டில் எமது வீதம் 9.7. ஆனால் அவளைப் பிடித்து அடைத்ததும் நகரத்தின் பயம் ஒரே நாளில் கழன்றுவிடுகிறது. ரயிலில் பிள்ளையை இழுத்த தாய் என்ன ஆனாள்? படம் சொல்லவில்லை.

படத்தின் ஆரம்பத் திட்டம் வேறு. கதை நிக்குடையது. இரைகௌவிகள் எல்லாரும் கழுத்தில் மின்பட்டி அணிய வேண்டும், கோபப்பட்டால் மின்சாரம் அடிக்கும். தயாரிப்பின் பிற்பகுதியில் அதைக் கைவிட்டு ஜூடியைக் கதாநாயகி ஆக்கினார்கள். அந்த நகரத்தைப் பார்வையாளருக்குப் பிடிக்கவில்லை என்பது காரணம். குடும்பப் படம் என்ற வகையில் அது விளங்குகிறது. ஆனால் பட்டியோடு சேர்ந்து சட்டமும் போய்விட்டது. எஞ்சியது தனிமனித மனசு மட்டும். எமக்குத் தெரிந்த பட்டிகள் வர்த்தமானியில் வந்தவை. 2020இல் ஜனாஸாக்களை எரிக்கச் சொன்னதும் ஒரு வர்த்தமானிதான்.

பிக்சாரின் ‘எலிமென்டல்’ (2023) இதே சிக்கலை வேறு விதமாகச் சந்திக்கிறது. இயக்குநர் பீட்டர் சோன், நியூயோர்க்கில் பலசரக்குக் கடை வைத்திருந்த கொரியக் குடியேறிகளின் மகன். நெருப்பு மனிதர்களுக்கு இடமில்லை என்று பூங்கா வாசலில் பலகை. நெருப்பு செடியை எரிக்கும்தானே, அங்கும் உவமை நொண்டுகிறது. ஆனாலும் கடையை மகளிடம் ஒப்படைக்கக் காத்திருக்கும் வாப்பா, அவள் நன்றாகத் தெளிவாகப் பேசுவதை வியந்து பாராட்டும் தண்ணீர்க் குடும்பத்து மாமா எல்லாம் உண்மையான ஆட்கள். “நீங்க சிங்களம் நல்லாப் பேசுறீங்களே” என்ற பாராட்டைக் கேட்டவர்களுக்கு அந்த மாமாவை உடனே அடையாளம் தெரியும்.

பத்தாம் நூற்றாண்டில் பஸ்ராவின் இஃக்வானுஸ் ஸபா குழுவினர் தம் நிருபங்களில் ஒன்றில், மிருகங்கள் மனிதர்மேல் ஜின்களின் அரசனிடம் வழக்கிடுவதாக எழுதினார்கள். தீர்ப்பு கடைசியில் மனிதர் பக்கம்தான் போகிறது. ஆனால் அநியாயத்துக்குள்ளானவை தம் வாயாலேயே ஒவ்வொன்றாக எழுந்து பேசுகின்றன. ‘ஸூட்டோபியா’வில் அது இல்லை. பத்திரிகையாளர் மாநாட்டில் ஓர் இரைகௌவியிடமும் யாரும் மைக்கை நீட்டவில்லை. நிக் பேசுவதெல்லாம் ஜூடியின் காதுக்கு மட்டும். பயந்தவள் திருந்தும் கதையை நன்றாகவே சொன்னார்கள். பயப்படுத்தப்பட்டவனின் கதை பட்டியோடு சேர்ந்து வெட்டுப்பட்டுப் போனது.

மகளிடம் இதெல்லாம் சொல்ல முடியுமா? மாநாட்டுக் காட்சியைத் திரும்பப் போட்டு, அந்தக் கை எங்கே போகுது பாரு என்று மட்டும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

“நிக் ஒண்டுமே செய்யல்லயே உம்மா” என்றாள். பிறகு, “அந்த ஸ்லோத் வாற இடத்த இன்னொருக்காப் போடுங்களேன்.”