ஈர மண்ணில் வெள்ளாடு

இலங்கையில் ஆட்டுக்குப் பேர்போன இடங்கள் பெரும்பாலும் மழை குறைந்த பக்கம்தான். புத்தளம் மாவட்டத்துக் கொட்டுக்கச்சியவின் பெயரில் ஓர் இனமே உண்டு. ஜம்னாபாரி யமுனைக் கரைக்காரி. போயர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஈரவலயத்துக் குருவிட்டவிலோ ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. இருந்தும் இந்தப் பக்கத்து ரப்பர், தேயிலைத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று ஆடு கட்டிய குடும்பங்களைக் காணலாம்.

அதில் நியாயம் இருக்கிறது. பால்வெட்டுக்காரர் விடியலில் மரத்துக்குப் போனால், பாலைச் சேர்த்துக் கொடுத்த பிறகு பிற்பகல் அவர் கையில். அந்த நேரத்தில் கிளிரிசீடியாக் கொப்பும் பலா இலையும் வெட்டி வரலாம், காசு செலவில்லை. ஆடு ஐந்து மாதத்தில் ஈனும். மூன்று மாதம் பால்குடி என்று வைத்தால், இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயென்று வர்த்தமானியில் வந்தது. இப்படியான நாட்சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரே தடவையில் பெரிய தொகையைக் கையில் எடுப்பது நடவாத காரியம். தீபாவளிக்கு ஒரு கிடா விற்றால் நடக்கும். ஆடு இவர்களுக்கு அவசரத்துக்கு உடைக்கும் உண்டியல். புழுக்கை மேலதிக வரவு. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது சேதனப் பசளையின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது.

ஆனால் இந்த உண்டியல் உடைக்கிற நேரத்தில்தான் காலியாக இருக்கிறது. மே தொடங்கித் தென்மேல் பருவமழை இறங்கினால் பட்டை நனைந்து பால்வெட்டு நின்றுபோகும், வேலை நாள் குறையும், கடன் ஏறும். ஆட்டை விற்க நினைப்பதும் அப்போதுதான், ஆடு மெலிந்து கிடப்பதும் அப்போதுதான். ஈரப் புல்நுனியில் ஏறி நிற்கும் குடற்புழுக் குஞ்சுகள் வயிற்றுக்குள் போய் இரத்தம் உறிஞ்சுகின்றன. கீழிமையை விலக்கிப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும். முற்றினால் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். மழைக்கு மழை ஒரே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால் புழு அதற்குப் பழகிவிடும். காலைப் பனியில் அவிழ்த்துவிடாமல், நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் கமுகஞ் சிலாகை அடித்த பரணில் நிறுத்தி, உயரத்துக் குழையை வெட்டிப் போடுவதே இந்த மண்ணுக்கு ஏற்ற வழி. மாட்டையும் ஆட்டையும் ஒரே கொட்டிலில் கட்டும் பழக்கமும் நல்லதல்ல. மாட்டின் உடம்பிலுள்ள ஒரு புழு நுளம்பு வழியாக ஆட்டுக்குப் போய், முள்ளந்தண்டில் புகுந்து, பின்காலை இழுக்க வைக்கிறது.

புழுவை விடவும் என்னை உறுத்துவது கிடா விஷயம். தீபாவளிக்கும் முனியாண்டி பூசைக்கும் கத்திக்குப் போவது எது? வேகமாக வளர்ந்த, நெஞ்சகன்ற கிடா. விலைபோகாமல் பட்டியில் தங்கிய நோஞ்சான்தான் அடுத்த குட்டிகளுக்குத் தகப்பன். நல்லதை வெட்டி மட்டத்தைப் பெருக்கும் இந்தத் தேர்வைச் சில தலைமுறை நடத்தினால் எந்த இனமும் குறுகிவிடும். போதாததற்கு, அதே கிடா தன் மகள்களோடும் சேர்கிறது. அப்பனும் மகளும் கூடிப் பிறக்கும் குட்டிக்கு உட்கலப்பு 25 சதவீதம். குட்டி இறந்து பிறந்தால் கண்ணூறு என்கிறோம், மழை என்கிறோம். கிடாயை யாரும் சந்தேகிப்பதில்லை.

தலைக்கு இரண்டு பெட்டை ஆடு கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் உதவித் திட்டங்களும் இந்த இடத்தைத் தொடுவதில்லை. நாலு வீட்டுக்கு ஒரு நல்ல கிடா என்று வைத்து, அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன், அதாவது ஒரு வருடமளவில், அடுத்த டிவிசன் கிடாவோடு மாற்றிக்கொண்டாலே பாதி நோய் தீரும். சீமைக் கிடாவின் காதுநீளத்தைப் பார்த்துக் கடன்படத் தேவையில்லை. நன்றாக வளரும் கடாக்குட்டி ஒன்றை விற்காமல் நிறுத்துவதற்கு மட்டும் நெஞ்சுரம் வேண்டும். கடனுள்ள வீட்டில் அது லேசல்ல என்பதும் தெரிந்ததே.

இதற்கெல்லாம் மேலே நிலம். 1970களில் அரசுடைமையாகி 1992இல் கம்பனிகளின் கைக்குப் போன தோட்டங்களில், லயத்தில் இருப்பவருக்குக் காம்பராவும் இஸ்தோப்பும்தான். புல் நட ஒரு துண்டு கேட்டாலும் துரையின் தயவு வேண்டும். இளங்கன்றில் ஆடு வாய் வைத்தால் தோட்டம் சும்மா இருக்காது. அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆகவே மூன்று நான்கு பெட்டைக்கு மேல் போவது, இப்போதைக்கு, வம்பை விலைக்கு வாங்குவது. ‘சிறு பண்ணை’ என்று திட்ட அறிக்கைகள் எழுதும் சொல்லுக்கு இங்கே காணியே கிடையாது. ஆட்டுக்குக் கணக்குப் போடுகிறவர்களும் குழை வெட்டும் பெண்ணின் நேரத்தைச் செலவில் சேர்ப்பதில்லை. கொழுந்து பறித்துவிட்டுப் பின்னேரம் அரிவாளோடு போகிறவள் அவள். அந்த உழைப்புக்கும் கூலி போட்டுப் பார்த்தால், லாபம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

விற்கும்போது நடப்பது இன்னொன்று. வியாபாரி இடுப்பைத் தடவி, கண்மதிப்பில் ஒரு தொகை சொல்கிறார்; அவசரக்காரர் தலையாட்டுகிறார். கொழுந்தைக் கிலோக் கணக்கில் நிறுத்து எடுக்கும் தோட்டத்தில் ஆட்டைத் தொங்கவிட ஒரு தராசு கிடைக்காமலா போகும்?