ஒளி தணியும் நேரம்

மாதவி ஆடிய மேடையின் நீள அகலத்தைச் சொல்லும் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, தூண்களின் நிழல் ஆடுகளத்தில் விழாதபடி விளக்கு வைத்ததையும் மறக்காமல் சொல்கிறது. விளக்கை எங்கே வைப்பது என்பதற்கு நம்மிடம் அவ்வளவு பழைய விடை உண்டு. எத்தனை நொடியில் ஏற்றுவது, எத்தனை நொடியில் தணிப்பது என்பதைப் பற்றித்தான் நாம் போதிய அளவு பேசுவதில்லை.

எரிவாயுக் காலத்தில் குழாய்த் திருகுகளை ஓரிடத்தில் சேர்த்தபோது மேடையின் ஒளி முழுவதும் ஒருவர் கைக்கு வந்தது. 1881-இல் லண்டன் சவாய் அரங்கில் சுமார் 1,200 மின்விளக்குகள் எரிந்தன. மின்சாரத்தைத் தணிக்கப் பிறந்த கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது உப்புத்தண்ணீர் டிம்மர். பானையில் உப்புக் கரைசல், அடியில் ஓர் உலோகத் தகடு, மேலே கயிற்றில் இன்னொன்று. மேல்தகடு இறங்க இறங்க விளக்கு பிரகாசமாகும், ஏற ஏற மங்கும். தண்ணீர் சூடேறி ஆவி பறக்கும். ஆபத்தான கருவிதான். ஆனால் வெளிச்சத்தின் எடை இழுப்பவர் கையிலேயே தெரியும்.

ஒளியும் இசைபோல் உணர்ச்சியைச் சுமக்கும் என்று மேடை வடிவமைப்பாளர் அடால்ஃப் ஆப்பியா 1890-களிலேயே எழுதினார். யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ், ஒளியின் இயல்புகளைச் செறிவு, நிறம், வடிவம், அசைவு என்று பகுத்தார். முதல் மூன்றைப் படத்தில் காட்டிப் புரியவைக்கலாம். அசைவை மட்டும் இருட்டில் உட்கார்ந்து பார்த்துத்தான் பழக வேண்டும். 1959-இல் கல்கத்தா மினர்வா அரங்கில் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்துக்காகச் சுரங்கத்தில் வெள்ளம் ஏறுவதை ஒளியமைப்பாளர் தபஸ் சென் ஒளியாலேயே காட்டினார். எளிய கருவிகளை வைத்துக்கொண்டு அவர் ஆண்டது இந்த அசைவைத்தான்.

1947-இல் ஜார்ஜ் ஐசனோர் யேலில் அமைத்த மின்னணு டிம்மர், இயக்குபவரை மேடையின் பக்கவாட்டிலிருந்து பார்வையாளர் பக்கம் கொண்டுவர வழிசெய்தது. தான் செய்வதை அவரே நேராகப் பார்க்கலாம் என்றானது. 1975-இல் ‘எ கோரஸ் லைன்’ நாடகத்துக்காக நினைவகம் கொண்ட ஒளிக் கட்டுப்பாட்டு போர்டு பிராட்வேக்கு வந்தது. 1986-இல் டி.எம்.எக்ஸ். 512 என்ற நெறிமுறை போர்டுக்கும் டிம்மர்களுக்கும் பொதுமொழியானது: ஒரே கேபிளில் 512 சேனல்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை மதிப்புகள்.

அந்த 256 படிகள் போதும் என்று தோன்றும். ஆனால் சென்னையில் ஒரு சிறு அரங்கில் ஒரு நாடகத்தின் கடைசிக் காட்சி: அடுப்பருகே தாய் உட்கார்ந்திருக்கிறாள். பத்து நொடியில் ஒளி அணைய வேண்டும். எல்.இ.டி. முதலில் அழகாகத்தான் தணிந்தது. முடிவில் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒவ்வொரு படியும் கண்ணில் இடித்தது. பழைய ஹாலஜனின் இழை ஆற நேரம் எடுக்கும் என்பதால் படிகள் அதில் மறைந்துவிடும். சிவந்து சிவந்து அணையும். இரண்டு சேனல்களைச் சேர்த்து 65,536 படிகளாகப் பிரிக்கும் கருவி வாங்க அந்தக் குழுவுக்கு வசதியில்லை. மறுநாள் ஒளியமைப்பாளர் ஒரே ஒரு ஹாலஜனைத் தேடிப்பிடித்து அடுப்புக்கு நேர் மேலே கட்டினார். மற்ற விளக்குகளெல்லாம் அணைந்த பிறகு, தாயின் முழங்கை மேல் அந்தச் சிவப்பு மட்டும் சற்று நேரம் இருந்தது.