பாடுபவர் மூச்சுவிடும் இடம்

ஒருவருக்கு ஓர் இசைக்கருவியை வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிடலாம். அதனைச் சுவையறிந்து வாசிக்கவும் கற்றுக்கொடுக்க இயலுமா? விரல்களுக்குப் பயிற்சி தரலாம். சுரங்களை எழுதிக் கையில் கொடுக்கலாம். ஆனால் எந்த இடத்தில் வாசிப்பது, எந்த இடத்தில் கையை எடுத்துவிடுவது என்னும் அறிவு எங்கிருந்து வருகிறது? அமெரிக்க நாட்டின் ‘கன்ட்ரி’ இசையில் பெடல் ஸ்டீல் கிட்டார் பயில்வோர் பலர் இந்த வினாவுக்குத் தரும் விடை ஒன்றே: பழைய இசைத்தட்டுகளிடமிருந்து. 1950 முதல் 1970 வரையிலான பதிவுகளையே அவர்கள் தங்கள் ஆசானாகக் கொள்கின்றனர். அவற்றுள் சிலவற்றை ஆண்டுக்கணக்கில் செவிமடுத்து வந்துள்ள நாம், அவை உண்மையில் எதனைக் கற்பிக்கின்றன என்பதை இங்கு ஆராய முற்படுகிறோம்.

நம் வாசகர்களுள் மூத்தோர் பலருக்குக் கன்ட்ரி இசை என்றதும் வானொலியில் கேட்ட ஜிம் ரீவ்ஸின் மென்குரலே நினைவுக்கு வரும். ஆனால் அவரது புகழின் உச்சக்காலத்தில், நாஷ்வில் நகரத்துத் தயாரிப்பாளர்கள் நகர மக்களின் செவிக்கு இனிமையாகட்டும் என்று பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பெரும்பாலும் ஒதுக்கிவைத்தார்கள். எனவே அவரை நன்கறிந்த நமக்கும் இந்தக் கருவி அவ்வளவாக அறிமுகமாகவில்லை. முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள் கூறுவது தகும்.

கருவியும் அதன் இயல்பும்

பெடல் ஸ்டீல் கிட்டாரை மார்போடு அணைத்து வாசிப்பதில்லை. கால்கள் பொருத்திய மேசைபோல் அது படுத்திருக்கும். வாசிப்பவர் அதன் முன் அமர்வார். இடக்கையில் உருக்குத் தண்டு. அதனைத் தந்திகள்மேல் வழுக்கிச் செல்வார். வலக்கை விரல்களில் மாட்டிய நகங்களால் மீட்டுவார். இடக்கால் பெடல்களை மிதிக்கும். முழங்கால்கள் நெம்புகோல்களைத் தள்ளும். வலக்கால் ஒலியைக் கூட்டியும் குறைத்தும் ஆளும். இதன் மூதாதை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் பிறந்த ஸ்டீல் கிட்டார். ஜோசப் கெக்குகு என்பவரே அதன் முன்னோடி எனப் பெரும்பாலோர் கருதுவர். நம் கோட்டு வாத்தியத்தை அறிந்தவர்களுக்கு இந்த வழுக்கும் முறை புதிதன்று. அங்கும் மெட்டுக் கட்டைகள் இல்லை; விரலுக்குப் பதில் ஓர் உருளையே தந்திமேல் ஊர்கிறது.

பெடல் ஸ்டீல் கிட்டாரிலும் மெட்டுகள் இல்லை. வரைந்த கோடுகள் மட்டுமே உண்டு. கோடு வழிகாட்டும், சுரம் சரியா என்று தீர்ப்பது செவியே. தண்டு மயிரிழை விலகினாலும் சுரம் பிசகிவிடும். ஆகவே இக்கருவியில் ‘கேட்டல்’ அடிப்படைத் தேவையாகிறது. கேளாதவர் இதனை வாசிக்கவே இயலாது.

1954ஆம் ஆண்டில் வெப் பியர்ஸ் பாடிய ‘ஸ்லோலி’ என்ற பாடல் இக்கருவியின் வரலாற்றைத் திருப்பியது. அதில் வாசித்தவர் பட் ஐசக்ஸ். அதற்கு முன்னரும் பெடல்கள் இருந்தன. ஆயின் ஒரு சுருதியமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கே அவை பெரிதும் பயன்பட்டன. ஐசக்ஸோ தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். இன்றைய கருவியில் நிகழ்வதை நம் சுரப்பெயர்களால் விளக்குவதானால், ‘ஸ, க, ப’ என்று மூன்றும் சேர்ந்து ஒலிக்கையில், ‘ஸ’ அசையாமல் நிற்க, ‘க’ மெல்ல ‘ம’ ஆகிறது. ‘ப’ மெல்ல ‘த’ ஆகிறது. ஒன்று நிலைத்திருக்க, மற்றவை அதனைச் சுற்றி இடம்பெயரும் அந்த ஒலியைக் கேட்ட பிற கலைஞர்கள் தங்கள் கருவிகளிலும் பெடல் பொருத்த விரைந்தனர்.

இவ்வளவு ஆற்றல் கைவந்தபோதே ஆபத்தும் உடன்வந்தது. அழுகையையும் ஏக்கத்தையும் இத்துணை எளிதில் எழுப்பவல்ல கருவி, பாடுபவரின் குரலை மூழ்கடித்துவிடவும் வல்லது.

மூன்று பதிவுகள்

1964ஆம் ஆண்டில் கானி ஸ்மித் பாடிய ‘ஒன்ஸ் எ டே’ பாடலில் ஸ்டீல் வாசித்தவர் வெல்டன் மைரிக். கானி ஸ்மித்தின் குரல் பெரியது, அறையை நிறைப்பது. அத்தகைய குரலுக்குப் பக்கத்தில் கருவி ஒடுங்கிக்கொள்ளும் என எதிர்பார்ப்போம். மைரிக் ஒடுங்கவில்லை. அவரது ஒலி கூர்மையாய், வெளிச்சமாய்க் குரலுக்குத் துணை நிற்கிறது. ஆயினும் குரல் சொல்லை ஏந்திச் செல்லும்போது அதன்மேல் ஏறி மிதிப்பதில்லை. வரி முடிந்து பாடகி மூச்சுவிடும் இடமே அவருக்குரிய இடம். அங்கே ஒரு மறுமொழி. அடுத்த சொல் பிறக்கும் முன் முடிந்துவிடும் மறுமொழி.

அதே 1964இல் வெளிவந்த பக் ஓவன்ஸின் ‘டுகெதர் அகெய்ன்’ பாடலே நம்மை மிகுதியும் சிந்திக்க வைத்தது. பிரிந்தவர் கூடிய மகிழ்ச்சியே பாடலின் பொருள். ஆனால் டாம் பிரம்லி அதில் தனித்து வாசிக்கும் பகுதியோ நெஞ்சைப் பிசைகிறது. பொருள் மகிழ்ச்சி, ஒலி துயரம். இது முரண் அல்லவா என்று தொடக்கத்தில் நாமும் ஐயுற்றோம். பலமுறை கேட்டபின்பே விளங்கியது. கூடியவர்கள் பிரிந்திருந்த காலத்தை மறந்துவிடவில்லை. சொற்கள் கூறாது விட்ட அந்தக் காலத்தையே கருவி கூறுகிறது. உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்குத் தம் காயங்களைக் காட்டினார் என்கிறது யோவான் நற்செய்தி. உயிர்ப்பின் மகிழ்ச்சி காயங்களை அழித்துவிடவில்லை. பிரம்லி இதனை எண்ணி வாசித்தார் என்று நாம் கூறவில்லை. எனினும் அவர் ‘ஐ வில் ஃப்ளை அவே’ என்ற புகழ்பெற்ற பக்திப்பாடலை இயற்றிய ஆல்பர்ட் பிரம்லியின் மகன் என்பது இங்கு நினைக்கத்தக்கது. பாடல் என்பது சொல்லால் நிற்பது என்பதை அவர் தம் வீட்டிலேயே அறிந்திருப்பார்.

இவ்விரு பதிவுகளையும் மட்டும் கொண்டு, ‘குறைவாக வாசிப்பதே சுவை’ என்று சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். பயில்வோருக்கு அடிக்கடி வழங்கப்படும் அறிவுரையும் அதுவே. அதனை நாம் முற்றிலும் ஏற்பதற்கில்லை. 1966இல் மெர்ல் ஹேகர்ட் பாடிய ‘தி பாட்டில் லெட் மி டவுன்’ பதிவில் ரால்ஃப் மூனி வாசிப்பதைக் கேட்டுப் பாருங்கள். துள்ளலும் வெடுக்கும் நிறைந்த வாசிப்பு. அடக்கம் என்று அதற்குப் பெயர் சூட்ட இயலாது. மதுவும் தன்னைக் கைவிட்டதாகப் புலம்பும் மனிதனின் பாடலில் கருவியும் சேர்ந்து அழுதிருந்தால் அது தன்னிரக்கத்தில் வழுக்கி விழுந்திருக்கும். மதுக்கூடத்தின் இரைச்சலையும், அதற்கு நடுவே மறக்க முடியாதவனின் பரபரப்பையும் மூனியின் துள்ளல் காட்டுகிறது. எனவே அளவை நிருணயிப்பது சுரங்களின் எண்ணிக்கையன்று. அந்தப் பாடல், அந்த மனிதன், அந்த நேரம் எதனைக் கேட்கிறது என்பதே.

ஒரு குறையும் கூற வேண்டும்

பாராட்டு மட்டுமே திறனாய்வு ஆகாது. 1970இல் கான்வே ட்விட்டி பாடிய ‘ஹலோ டார்லின்’ பாடலில் ஜான் ஹியூகி வாசித்த பாணியை ‘அழும் ஸ்டீல்’ என்பர். உச்சத் தந்திகளில் தண்டு நெடுந்தூரம் ஊர்ந்து, நடுங்கி, விம்முகிறது. ஹியூகியின் கைத்திறன் வியப்புக்குரியது. அந்தப் பாடலில் அது பொருந்தியும் விடுகிறது. ஏனெனில் முன்னாள் காதலியைச் சந்தித்தவன் தான் நலமே என்று காட்டிக்கொள்ள முயலும்போது, அவன் மறைப்பதைக் கருவி வெளியிட்டுவிடுகிறது. ஆனால் அவரைப் பின்பற்றியவர் பலர் அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டு, எதற்காக அழுவது என்பதை விட்டுவிட்டார்கள். எல்லாப் பாடலிலும் ஒரே விம்மல். கேட்பவரின் கண்ணீரை விரைவில் பெற்றுவிட வேண்டும் என்னும் அவசரம் அது. பழைய பதிவுகளைப் படியெடுத்துப் பயில்வதிலுள்ள இடர் இதுவே. வாக்கியத்தை விட்டு, அலங்காரச் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்கிறோம்.

பயிலும் முறை

அங்ஙனமாயின் எவ்வாறு பயில்வது? முன்னாளில் நீளிசைத்தட்டினைப் பாதி வேகத்தில் சுழலவிட்டுப் பயின்றனர்; அப்போது சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். இன்று கணினியில் சுருதி மாறாமலே வேகத்தைக் குறைக்கலாம். வசதி பெருகியது, பொறுமை பெருகவில்லை. மெதுவாக்கிக் கேட்பவர், ஸ்டீல் ஒலிக்கும் நொடிகளை மட்டும் வெட்டியெடுத்துக் கேட்கிறார். மற்ற நொடிகளில்தான் பாடம் இருக்கிறது.

நாம் பரிந்துரைப்பது வேறு. முதலில் கருவியைத் தொடாது பாடலின் சொற்களை முழுவதும் பாடிப் பழக வேண்டும். பாடகர் எங்கே மூச்சுவிடுகிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஸ்டீல் எங்கெங்கே மௌனமாய் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். அந்த மௌனத்துக்குக் காரணம் இருக்கும். ஒரு சரணத்தில் ஸ்டீல் மறுமொழி கூறினால், அடுத்த சரணத்தில் பிடிலுக்கோ பியானோவுக்கோ அந்த இடம் விடப்படும். நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் கலைஞர்கள் இவ்வாறு முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது வழக்கம். இவை எல்லாம் தெளிந்த பின்னரே ஸ்டீல் வாசித்ததை வாயால் பாடிப் பார்க்க வேண்டும். வாயால் பாட முடியாததைக் கையால் வாசிக்க முற்படலாகாது. குருமடத்தில் திருநூலை மெதுவாக, திரும்பத் திரும்ப, பதிலை எதிர்பாராது வாசிக்கப் பழக்குவார்கள். அதே பொறுமைதான் இங்கும் வேண்டப்படுகிறது.

நமக்கு உரைப்பது

வேற்று நாட்டின் இசைக்கருவி ஒன்றைப் பற்றி ஒரு பங்குக் குரு இவ்வளவு எழுதுவானேன் என வாசகர் வினவலாம். காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இளம் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் இல்லத்தில் செபிக்கச் சென்றிருந்தோம். நல்ல சொற்களையே பேசினோம். உயிர்ப்பின் நம்பிக்கையை விரிவாக விளக்கினோம். திரும்பும் வழியில் உடன்வந்த உபதேசியார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சாமி, அந்தம்மா ரெண்டு மூணு தடவ ஏதோ சொல்ல வாயெடுத்தாங்க. நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க.” நாம் அதனைக் கவனிக்கவே இல்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் பேசாது அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். பேசத் தொடங்கிய பின்னரே தவறினார்கள். இதனை எத்தனையோ முறை மறையுரையில் எடுத்துரைத்த நமக்கே அன்று அது நினைவுக்கு வரவில்லை. அந்த வாரத்தில்தான் ‘டுகெதர் அகெய்ன்’ பாடலை மீண்டும் கேட்டோம். பாடுபவர் மூச்சுவிடும் இடத்துக்காகக் கருவி காத்திருப்பதை அன்றுதான் உண்மையில் கேட்டோம் எனலாம்.

இன்று நம் ஆலயங்கள் பலவற்றில் மின்விசைப்பலகை திருப்பலி முழுவதும் ஓயாது ஒலிக்கிறது. காணிக்கைப் பவனியிலும் நற்கருணை உட்கொண்ட பின்னும் ஒரு நொடி வெறுமை வந்துவிடக் கூடாதென்று இளைஞர்கள் அஞ்சுகின்றனர். அவர்களைக் கடிந்துகொள்ளும் தகுதி நமக்கில்லை. நாமும் சொற்களால் அதையே செய்திருக்கிறோம். இசை சொல்லோடு இணைந்திருப்பதாலேயே திருவழிபாட்டில் இன்றியமையாத இடம் பெறுகிறது என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டில் உணர்த்தியது. பாடகற்குழுவில் கருவி வாசிக்கும் இளைஞர்களிடம் நாம் வேண்டுவது சிறிது. ஒரு மாலை கூடி அமர்ந்து, மேற்கூறிய மூன்று பதிவுகளையும் கேளுங்கள். மொழி முழுதும் விளங்காவிட்டாலும் குற்றமில்லை. கருவி எப்போது வாசிக்கிறது என்பதை ஒரு தாளில் குறியுங்கள். எப்போது வாசிக்கவில்லை என்பதை மற்றொரு தாளில் குறியுங்கள். அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு அந்த இரண்டாம் தாளை எடுத்து வாருங்கள்.