துன்பமும் சாட்சியமும்: பாமாவின் ‘கருக்கு’

தன் வாழ்வில் நேர்ந்த இன்னல்களைச் சபை முன்னே எடுத்துரைத்து, அவற்றினூடாக இறைவன் தன்னை நடத்தி வந்தான் எனச் சாட்சி பகர்தல் கிறிஸ்தவ மரபிலே பழைய வழக்கமாகும். இவ்வழக்கம் எழுத்துருப் பெற்றபோது தன்வரலாற்று இலக்கியம் வளம் பெற்றது. பாத்திரங்களைச் செப்பனிட்டுப் பிழைத்த ஜோன் பனியன், அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தமைக்காகப் பெட்போர்ட் சிறையிலே கிடந்த காலத்தில், 1666இல், தன் ஆன்ம சரிதத்தை வெளியிட்டான். குலப் பெருமையோ உயர் கல்வியோ இல்லாத ஒரு தொழிலாளியின் வாழ்வும் எழுதத் தக்கதே என்ற துணிவை அம்மரபு அவனுக்கு அளித்தது. மன்னரையும் வள்ளல்களையும் பாடிப் பழகிய இலக்கிய உலகில் இது சிறிய மாற்றமன்று.

ஆயினும் இம்மரபிலே ஓர் அபாயமும் உண்டு. துன்பம் யாவும் இறைவனின் திட்டம் என்று முடிவு கட்டப்படும்போது, அதனை விளைத்தவர்கள் விசாரணையின்றித் தப்பிவிடுகின்றனர். பசி சோதனையாகின்றது, அற்பக் கூலி பொறுமைக்கான பயிற்சியாகின்றது. இதனாலேயே நம்மவர் பலர், பக்தி கலந்த துன்பக் கதை எதனையும் அபின் என்று ஒதுக்கிவிடுகின்றனர். ஆனால் 1844இல் வெளியான கட்டுரையில் அச்சொல்லை ஆண்ட மார்க்ஸ், மதத்தை மெய்யான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கு எதிரான முறைப்பாடாகவும் அதே இடத்திற் கண்டார் என்பதை இவர்கள் நினைவிற் கொள்வதில்லை. அக்கூற்றின் உண்மையைத் தமிழிலே சோதித்துப் பார்ப்பதற்கு, 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ மிகப் பொருத்தமான நூலாகும்.

தென் தமிழகக் கிராமம் ஒன்றிலே, கத்தோலிக்கத்தைத் தழுவிய பறையர் குடும்பத்திற் பிறந்த பெண்ணொருத்தியின் கதை இது. நாயக்கர் வீடுகளில் உழைக்கும் பாட்டியின் கைகளில், தீட்டுப்படாதபடி உயரத்திலிருந்து நீர் ஊற்றப்படுகிறது. தெருவிலே முதியவர் ஒருவர், பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் நூலிற் பிடித்துச் சென்று ஆண்டையிடம் கொடுக்கிறார். முதலிற் சிரிப்பை மூட்டிய அக்காட்சியின் பொருளைத் தமையன் விளக்கியதும், சிறுமியின் உள்ளத்திற் சினம் மூளுகின்றது. பள்ளியிலே தேங்காய் திருடினாள் என்று பொய்ப் பழி சுமத்தப்பட்டுப் பாதிரியாரிடம் செல்லும்போது, சேரியிற் பிறந்தவள் அதனைச் செய்திருக்கக் கூடியவளே என்பதுதான் அவளுக்குக் கிடைக்கும் தீர்ப்பு. நியாயம் வழங்கவேண்டிய பீடமே சாதியின் நாவாற் பேசுகின்றது.

இத்தனைக்குப் பின்னரும் அவர் துறவற மடத்தை நாடியது ஏன்? அச்சபையை நிறுவிய பெண்மணி ஏழைகளுக்குத் தொண்டு செய்தமையை வாசித்து, தம் இனத்துச் சிறுவர்க்குத் தாமும் அவ்வாறே பணியாற்றலாம் என்று அவர் நம்பினார். அங்கே கண்டதோ வேறு. ஏழ்மை விரதம் பூண்டவர்கள் வசதியாக வாழ்ந்தனர்; செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படித்தனர்; துப்புரவு வேலை தலித் மக்களுக்கு உரியதாயிற்று. ஏறத்தாழ ஏழு ஆண்டுகளின் பின், 1992இல் அவர் மடத்தைத் துறந்தார்.

நூலின் கருத்து மையம் இங்கேதான் உள்ளது. பணிவையும் பொறுமையையும் அன்பையும் மட்டுமே போதித்த திருச்சபை, அநீதியைக் கண்டித்து ஏழைகளின் பக்கம் நின்ற இயேசுவை மறைத்துவிட்டது என்பது பாமாவின் குற்றச்சாட்டு. அவர் நம்பிக்கையைக் கைவிடவில்லை. அதனையே அளவுகோலாக்கித் திருச்சபையை அளக்கின்றார். அமெரிக்க அடிமை வாழ்விலிருந்து தப்பிய பிரடெரிக் டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றின் பிற்சேர்க்கையிலே, அடிமை உடைமையாளரின் கிறிஸ்தவத்தையும் கிறிஸ்துவின் கிறிஸ்தவத்தையும் வேறு பிரித்துக் காட்டியமை இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. இருவருமே தம் துன்பத்தைப் புனிதமாக்கவில்லை. துன்புற்ற மனிதருக்குக் கடவுளின் முன் உள்ள மதிப்பை எடுத்துக்காட்டி, அம்மதிப்பை மனிதர் மறுத்தது எவ்வாறு என்று கேட்கின்றனர்.

இன்னொரு சிறப்பும் உண்டு. பனியனின் போராட்டம் தன் ஆன்மாவின் மீட்சி பற்றியது. ‘கருக்கு’ ஒரு தெருவின் சரித்திரம். இடுகாட்டு நிலம் பற்றிய சண்டையின் பின், பொலிஸாருக்கு அஞ்சி ஆண்கள் மறைந்து வாழ்கையில், இறந்த மகனின் அடக்கத்துக்குத் தந்தை ஒருவரைப் பெண்கள் சேலை உடுத்தி அழைத்துவரும் பகுதி, எத்தத்துவ விளக்கமும் வேண்டாது நெஞ்சை உலுக்குகின்றது. காலவரிசையைப் பேணாத அமைப்பும், அம்மக்களின் பேச்சு மொழியும் இக்கூட்டு நினைவுக்கு இயல்பாகப் பொருந்துகின்றன. பனங்கருக்கின் இருபுறப் பற்களை, இருபுறமும் கருக்குள்ள பட்டயம் பற்றிய வேதாகம உவமையோடு ஆசிரியர் முன்னுரையில் இணைத்திருப்பதும் வெற்றலங்காரமன்று.

குறையும் கூறவேண்டும். மடத்து வாழ்வு பற்றிய பிற்பகுதிகளில் ஒரே குற்றச்சாட்டு மீண்டும் மீண்டும் வருவதால், காட்சி மெலிந்து பிரசங்கம் மேலோங்குகின்றது. வயற் கூலியும் விறகு சுமத்தலும் நுணுக்கமாகக் காட்டப்பட்டபோதும், நிலவுடைமைக்கும் சாதிக்கும் உள்ள பிணைப்பு போதிய அளவு ஆராயப்படவில்லை. அவ்வகையில், யாழ்ப்பாணச் சாதிக் கொடுமையை வர்க்க நோக்கோடு அணுகிய கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) நாவலோடு இதனைச் சேர்த்துப் படித்தல் பயனுடைத்து.

இந்நூல் நமக்கு அந்நியமானதும் அன்று. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளில் எல்லாச் சாதி மாணவர்க்கும் சம ஆசனம் அளிக்கும் முயற்சி, 1920களின் இறுதியில் யாழ்ப்பாணத்திலே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. வகுப்பறையின் வாங்கும் ஆலயத்தின் ஆசனமும் ஒரே சமுதாயத்தின் தச்சு வேலைகளே.

‘கருக்கு’ வெற்றி முழக்கத்தோடு முடியவில்லை. மடத்தை விட்டு வெளியேறியவர் தொழிலின்றி, சிறகொடிந்த பறவை போல் நிற்கின்றார். எல்லாம் நன்மைக்கே என்ற வழக்கமான சாட்சியத்தின் முடிவுரையை அவர் எழுத மறுத்தார். ஆறுதலுக்காக உண்மையை விற்காத அந்த மறுப்பே நூலின் நேர்மை. மாணவரிடம் இந்நூலைக் கொடுக்கும் ஆசிரியர், “இத்துயரிலிருந்து என்ன பாடம் கற்றாய்?” என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது, “இத்துயரை விளைத்தவர் யார்?” என்றும் கேட்டல் வேண்டும்.