வளரி எந்த மரம்? தர்ஸ்டனும் கருங்காலியும்

வளரியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் எட்கர் தர்ஸ்டனிடம்தான் போய் நிற்பார்கள். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலில், கள்ளர் பற்றிய பகுதியில் வளரி வருகிறது. தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த தந்த வளரிகளைச் சொல்கிறார். புதுக்கோட்டை திவான் எழுதியனுப்பிய குறிப்பையும் சேர்த்திருக்கிறார்: பிறை வடிவம், ஒரு முனை கனம், வெளி விளிம்பு கூர். எல்லாம் சரி. என்ன மரம்? ஏதோ ஒரு கெட்டியான மரம். அவ்வளவுதான்.

இதை நான் சும்மா விடத் தயாரில்லை. தர்ஸ்டன் வழிப்போக்கர் அல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருபது வருஷத்துக்கும் மேல் இருந்தவர். மர வளரி அவர் பொறுப்பில் இருந்த கட்டிடத்திலேயே இருந்தது. மனிதர்களின் மண்டையை அளக்கக் கருவியோடு ஊர் ஊராகப் போனவருக்கு, பக்கத்து அறையில் கிடந்த தடியை ஒரு மரக்காரனிடம் காட்டிக் கேட்கத் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில் மரம் தெரிந்த ஆள் இல்லையா என்றால், இருந்தார்கள். 1908இல், அதாவது ஒரு வருஷம் முன்னால், திருவிதாங்கூர் வனத்துறையின் போர்டிலன் ‘திருவிதாங்கூர் வனமரங்கள்’ என்ற நூலை வெளியிட்டார். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர்தானே. மலையாளப் பெயர், தமிழ்ப் பெயர், மரத்தின் குணம், பயன் என்று போகிற புத்தகம் அது. ஒருவருக்கு மரம் தெரிந்தது, மற்றவருக்கு ஆயுதம் தெரிந்தது. இரண்டு புத்தகமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

அந்த வெற்றிடத்தில்தான் இன்றைக்குக் கருங்காலி வந்து உட்கார்ந்திருக்கிறது. வளரியா, கருங்காலி. உலக்கையா, கருங்காலி. சிலம்பக் கம்பும் கருங்காலி என்று சொல்கிற வீடியோவைக் கண்ணால் பார்த்தேன். (கழுத்தில் போடுகிற மாலை பற்றி நான் பேசவே வரவில்லை.) அந்தப் பெயரே ஒரு மரத்துக்கு உரியது அல்ல. எபனி எனப்படும் மரத்தையும் கருங்காலி என்கிறோம். காசுக்கட்டி எடுக்கிற வேல மர இனத்தையும் அப்படியே சொல்கிறோம்.

எபனி கனம், கடினம், சரி. ஆனால் உலர உலர வெடிக்கிற மரம், அடி தாங்குவதில் நொறுங்கும் சுபாவம் உள்ளது. உலக்கைக்கு அது பொருந்தும். குத்து இழையோட்டத்தின் வழியாகவே இறங்குகிறது. தடிக்கோ அடி குறுக்கே விழும். கடினம் வேறு, உரம் வேறு. மம்பட்டிக்குக் கணை போடுகிறவனுக்கு இது தெரியும், எழுதுகிறவர்களுக்குத்தான் தெரிய மாட்டேன் என்கிறது.

கல்குளம், விளவங்கோடு பக்கம் அடிமுறை, தெக்கன் களரி ஆசான்மாரிடம் கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். நெட்டைக் கம்புக்குப் பிரம்போ மூங்கிலோ, வளைந்து கொடுக்கணும். குறுந்தடிக்கும், யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த ஒற்றைக்கோலுக்கும் புளியங்காதல், அதாவது புளியின் வைரம். புளிக்கு இழை பின்னிப் பின்னி ஓடும். பிளக்க முயன்றவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு. முற்றிய மரத்தில்கூட வைரம் நடுவில் கொஞ்சம்தான், கருஞ்சிவப்பாக இருக்கும். எண்ணெய் ஏறிக் கைபட்டுக் கறுத்துப்போன பிறகு அதைப் பார்த்துவிட்டு ‘கருங்காலி’ என்று எழுதியவர்கள் எத்தனை பேரோ!

ஆப்பிரிக்காவிலும் இதே கூத்துதான். தென்னாப்பிரிக்காவின் குமிழ்த்தலைத் தடிகளை ஏலத்தில் விற்கும்போது ‘இரும்பு மரம்’ என்று ஒரே சீட்டை ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பெயருக்குள் காட்டு ஆலிவ் இனமும் ஒளிந்திருக்கும், தண்ணீரில் மூழ்குகிற ஈயமரமும் ஒளிந்திருக்கும். குமிழை வேர் திரண்ட இடத்திலோ கிளை பிரியும் முடிச்சிலோ பார்த்துச் செதுக்கியவனுக்கு எது எந்த மரம் என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. சீட்டு எழுதியவன் கேட்கவில்லை.

புளியும் ஆப்பிரிக்க மரம்தான். பழைய காலத்திலேயே இங்கே வந்து, பெயரிலும் ‘இந்திய’ ஒட்டிக்கொண்டு, நம் தோப்பிலும் குழம்பிலும் கலந்துவிட்டது. ‘ஆதித்தமிழர் ஆயுதம், ஆதித்தமிழர் மரம்’ என்று எழுதுகிறவர்கள், ஒற்றைக்கோலைக் கையில் எடுக்கும்போது இதையும் ஒரு வரி எழுதலாம்.

வளரி விஷயத்துக்கு வழி இருக்கிறது. நெல் பருமன் துண்டு போதும், நுண்ணோக்கியில் இழை பார்த்து மர இனம் சொல்லிவிடுவார்கள். அருங்காட்சியகங்கள் அதைச் செய்து, அட்டையில் ‘மரம்’ என்று இருக்கிற இடத்தில் மரத்தின் பெயரை எழுதட்டும்.